இரண்டு முனையும் வடக்கு

எங்கள் தெருவில் கரண்டைக் கண்டால் நடுங்குகிற ஒரே ஆள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெண்ணைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அதோடு நின்றாரா? பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காந்தமும் மின்சாரமும் நடத்துகிறவரும் அவர்தான். வெளியாட்களிடம் இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பார்கள். கதை விடுகிறவள்தான் நான். ஆனால் இது நிஜம்.

என் தையல்கடை அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே. மெஷினை ஜன்னலைப் பார்த்தாற்போல் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வீட்டின் முன்னறை முழுவதும் பட்டறை. கருகிப்போன மோட்டார்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் கிடக்கும். அவள் ஒவ்வொன்றாக மடியில் சாய்த்து, எரிந்த கம்பியை வெட்டி உருவி, உள்ளே இருக்கும் பள்ளங்களைச் சுரண்டித் துடைத்து, காகிதம் செருகி, புதுச் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றி இறக்குவாள். அதன் மேல் நூலால் இறுக்கிக் கட்டி வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பாள். நானும் நூலோடு பிழைக்கிறவள்தான், ஆனால் அப்படி ஒரு முடிச்சு எனக்கு இன்றுவரை வரவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் காயிலக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த நானும் அப்படியே கூப்பிடுவேன்.

அவள் வீட்டுக்காரருக்கு ஸ்கேல் சார் என்று பெயர். அவர் கண்டிப்பானவர் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு பிள்ளையைக்கூட அவர் அடித்ததில்லை. வீட்டில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்கேல் தொங்கும். விளக்குப் போடவேண்டுமென்றால் அதை எடுத்து, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதன் நுனியால் சுவிட்சை அழுத்துவார். சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டியில் ஷாக் அடித்து மூலையில் போய் விழுந்தாராம். அன்றிலிருந்து அவரும் கரண்டும் தூரத்துச் சொந்தம்.

ஆனால் பாடம் நடத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்று கலர் சாக்பீஸில் அவர் படம் போட்டால் அழிக்க மனசு வராது. ஆணி, கம்பி, பேட்டரி, ஓடுகிற கரண்டுக்கு அம்புக்குறி, எல்லாம் பலகையில் ஜொலிக்கும். பிள்ளைகள் அப்படியே பார்த்து வரைந்துகொள்வார்கள். பரீட்சையில் மார்க்கும் வந்துவிடும். புதுத் தலைமையாசிரியை வரும்வரை ஒரு குறையும் இல்லாமல்தான் வண்டி ஓடியது.

அந்த அம்மாள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். மின்காந்தப் பாடம். சார் வழக்கம்போலப் படம் போட்டு அசத்தினார். முடிந்ததும் அந்த அம்மாள் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம், "இந்தக் கம்பி எவ்வளவு தடியா இருக்கும், தொட்டா வழவழன்னு இருக்குமா, சொரசொரன்னு இருக்குமா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை பலகையையே உற்றுப் பார்த்துவிட்டு, "சிவப்பா இருக்கும் மேடம்" என்றதாம்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தீர்ந்த நூல்கண்டுக்குப் பதில் அவளிடம் கொஞ்சம் கட்டுநூல் கேட்கலாம் என்று பட்டறைக்குப் போயிருந்தேன். (நூல் என்னிடமே இருந்தது. சாரின் முகம் சரியில்லை என்பதை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டேன்.) மாவு மில்லின் பெரிய மோட்டார் ஒன்று நடுவில் கிடந்தது. மழைநாளில் வார்னிஷ் காயாது என்பதால் அதன் வயிற்றுக்குள் பெரிய பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தாள். சார் அதிலிருந்து எட்ட, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஏடு படிந்திருந்தது.

"என்னங்க, டீயக் குடிக்காம அதுக்கு வேடிக்க காட்டிட்டிருக்கீங்க?" என்றாள் காயிலக்கா.

"வெள்ளிக்கிழம மறுபடியும் வந்து உக்காரப் போறாங்களாம்."

"உக்காரட்டும். பெஞ்சு என்ன தேஞ்சா போயிடும்?"

"சாக்பீஸ் தொடக்கூடாதாம். ஒவ்வொரு பிள்ள கையிலயும் ஒரு பொருள் இருக்கணுமாம். அவங்களே செஞ்சு, அவங்களே பாத்து, அவங்களே சொல்லணுமாம்."

"நல்ல விஷயந்தானே?"

"முடியலேன்னா சயின்ஸ கணக்கு சாருக்குக் குடுத்துடுவாங்க. என்னை லைப்ரரியப் பாத்துக்கச் சொல்றாங்க." அவர் குரல் உள்ளே போய்விட்டது. "கோபமாக்கூடச் சொல்லல. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க சார்னு அன்பாச் சொன்னாங்க. அதான் தாங்கல."

எனக்கும் சுருக்கென்றது. அந்த மனிதருக்குச் சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது. ஏழாம் வகுப்பும் அந்தப் பலகையும்தான் உலகம். சயின்ஸை எடுத்துவிட்டால் அவரைக் கையைக் கட்டி உட்காரவைத்த மாதிரிதான்.

உள்ளேயிருந்து அவர்கள் மகள் வந்தாள். அதே ஏழாம் வகுப்பில் அப்பாவிடமே படிக்கிறாள். பள்ளியில் சார், வீட்டில் அப்பா என்று கூப்பிடவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இதுவரை அவள் அதை மீறியதில்லை.

"அப்பா, கரண்டுன்னா பேட்டரிதானே? ஒன்றரை வோல்ட்டு. அது எறும்பைக்கூடக் கடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எனக்குத் தெரியும்டா. என் விரலுக்குத் தெரியாதே."

காயிலக்கா சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. ஆணி நான் தரேன். கம்பி எங்கிட்ட இருக்கு. ஒரு பெஞ்சுக்கு ஒரு ஆணின்னு சுத்தி, ரெண்டு நுனியையும் சுரண்டிக் குடுத்துட்டா, பிள்ளைங்க பேட்டரியில சேத்துக் குண்டூசியத் தூக்கட்டும். காம்பஸ் வச்சு வடக்கு தெக்குப் பாக்கட்டும். ஒரு பீரியட்ல முடிஞ்சிடும்."

"நீ சுத்திக் குடுத்துடுவியா?"

"பாதிதான் சுத்துவேன்."

"பாதியா?"

"மீதிப் பாதி நீங்க. பசங்க கேட்டா நானும் சுத்தினேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வேணுமில்ல? வெறும் கம்பிங்க. கரண்டே இல்ல. கயிறு மாதிரி."

சார் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா."

"குண்டூசி என்னோடது" என்றேன். மூக்கை நுழைக்காமல் என்னால் இருக்க முடியாது. "ஒரு டப்பா தரேன். ஆனா ஒண்ணும் குறையாமத் திரும்ப வரணும். குறைஞ்சா உங்க பேன்ட்டுக்கு அடுத்த தடவ ஊசி குத்தித்தான் அளவு எடுப்பேன்."

அதற்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் சுற்றும் வேலை தொடங்கியது. மழை விடவில்லை. மில்காரர் வேறு நேரில் வந்து, வெள்ளிக்கிழமை மாலை மோட்டார் கைக்கு வராவிட்டால் ஊரே மாவுக்குத் தன் வீட்டு வாசலில் நிற்கும் என்று புலம்பிவிட்டுப் போனார். அதனால் காயிலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மோட்டாரில் ஒரு கை, ஆணியில் ஒரு கை. ஓர் ஆணியை எடுத்து, முனையிலிருந்து நடுவரை விறுவிறுவென்று சுற்றி, கம்பியை அறுக்காமல் அப்படியே சாரிடம் நீட்டுவாள். அவர் வாங்கி நடுவிலிருந்து தலைப்பக்கம் வரை சுற்றவேண்டும்.

சுற்றினார். ஆரம்பத்தில் பாம்பைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தார். மூன்றாவது ஆணியில் தோள் இறங்கியது. ஐந்தாவதில் வாயில் ஒரு பாட்டுகூட வந்தது. சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டி, என் ஓரத்தையல் போல நெருக்கமாக விழுந்தன. நடுவில் அவள் விட்ட இடத்தில் கம்பி சின்னதாக மடங்கி நின்றது அவர் கண்ணை உறுத்தியதாம். அதனால் அங்கே ஒரு துண்டுக் கறுப்பு டேப்பைச் சுற்றி அழகாக மூடினார்.

"பெல்ட்டு போட்டு விட்டிருக்கேன் பாரு" என்று மகளிடம் காட்டினார்.

"அழகா இருக்குப்பா."

காயிலக்கா ஓர் ஆணியை வாங்கி, பேட்டரியில் வைத்து, முனையை என் குண்டூசி டப்பாவில் காட்டினாள். ஊசிகள் துள்ளி ஒட்டிக்கொண்டன. "ஆச்சு, தூக்குது" என்றாள், ஆணியைக் கூடையில் போட்டுவிட்டு மோட்டாரிடம் ஓடினாள். அவ்வளவுதான் பரிசோதனை. ஒரு முனையை மட்டும் பார்த்தாள்.

நடந்தது இன்னதென்று முன்பே சொல்லிவிடுகிறேன். எனக்கு ரகசியம் வைத்துப் பழக்கமில்லை. காயிலக்கா வலக்கைக்காரி. கம்பியைத் தன்னைவிட்டு வெளிப்பக்கமாகத் தள்ளித் தள்ளிச் சுற்றுவாள். சார் இடக்கைக்காரர். ஷூ லேஸானாலும் சரி, பொட்டலத்துக் கயிறானாலும் சரி, எல்லாவற்றையும் நெஞ்சுப் பக்கமாக இழுத்து இழுத்துத்தான் சுற்றுவார். ஆக, எல்லா ஆணியிலும் பாதி ஒரு பக்கமாகவும் பாதி எதிர்ப்பக்கமாகவும் சுற்றியிருந்தது. நடுவில் கம்பி மடங்கி நின்றதே, அது திரும்புகிற இடம். அதைத்தான் மனிதர் பெல்ட்டுப் போட்டு மறைத்தார். அன்று எங்கள் நான்கு பேர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கடையை மூடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பள்ளி யூனிஃபார்ம் முழுவதும் நான் தைப்பதுதான், அதனால் தலைமையாசிரியைக்கு என்னைத் தெரியும். "நீங்க எங்க இங்க?" என்றார்.

"என் குண்டூசிக்குக் காவல் மேடம்."

அவர் சிரித்துவிட்டு, கடைசி பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் விட்டார். ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் ஈரப் பையும் பென்சில் சீவலும் கலந்த ஒரு வாசனை.

சார் உள்ளே வந்தார். கையில் சாக்பீஸ் இல்லை. ஆனால் கக்கத்தில் அந்த மர ஸ்கேல்! தலைமையாசிரியையும் அதைப் பார்த்தார்.

ஆணிகள், பேட்டரிகள், ரப்பர் பேண்டுகள் பெஞ்சு பெஞ்சாகப் போயின. என் குண்டூசிகளும் போயின. சார் எட்ட நின்று ஸ்கேலால் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்த நுனிய இங்க வைங்க. இந்த நுனிய அங்க. ரப்பர் பேண்டு போடுங்க. இப்ப ஊசிகிட்ட கொண்டு போங்க."

முதல் பெஞ்சிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அப்புறம் எல்லா பெஞ்சிலிருந்தும் வந்தது. "ஒட்டிக்கிச்சு, ஒட்டிக்கிச்சு!" "ஐயோ, தொங்குது பாரு!" "எடுத்தா விழுதுடீ! பேட்டரிய எடுத்தா விழுது!" பலகையில் மூன்று கலரில் எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்தச் சத்தம் வந்திருக்காது. சாரின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக்கூட என் ஊசிகள் மேல் ஒரு பெருமை வந்தது. காலர் மடிக்கத்தான் லாயக்கு என்று நினைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. எனக்கு முன்னால் இருந்த பெஞ்சில், ஆணியின் நடுவயிற்றில், அந்த டேப்பைச் சுற்றியும் ஊசிகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. காந்தம் முனையில்தானே பிடிக்கும்? எனக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

"இப்ப காம்பஸ் எடுங்க" என்றார் சார். "ஆணியோட கூர்முனை கிட்ட வைங்க. சிவப்பு முள்ளு என்ன பண்ணுது?"

"ஓடுது சார்!"

"அப்ப அந்த முனை என்ன?"

"வடக்கு!"

"சபாஷ். இப்ப ஆணித் தலைகிட்ட கொண்டு போங்க. சிவப்பு முள்ளு கிட்ட வரும். அதுதான்..."

"சார்."

எழுந்தவளை வகுப்பில் எல்லோரும் 'ஏன்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கேள்வியையும் ஏன் என்றுதான் தொடங்குவாளாம். எண்ணெய் பார்க்காத தலை, ஒரு பக்கம் இறங்கிய சாக்ஸ். அவள் யூனிஃபார்மில் பித்தான் அறுந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஏன் சார் தலைகிட்டயும் ஓடுது?"

"சரியா வச்சுப் பாரும்மா."

"வச்சுட்டேன் சார். ரெண்டு பக்கமும் ஓடுது. ரெண்டு முனையும் வடக்கு."

"எங்களுதும் அப்படித்தான் சார்" என்றது பக்கத்து பெஞ்சு. "எங்களுதும்!" "சார், எங்களுது!"

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு காந்தத்துக்கு ஒரு வடக்கு, ஒரு தெற்கு, இதில் மாற்றமே கிடையாது என்று போன வாரம்தான் கட்டம் கட்டி எழுதிப்போட்டிருந்தார். அது பலகையின் ஓரத்தில் இன்னும் அழியாமல் இருந்தது. தலைமையாசிரியை முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது பெஞ்சில் சாரின் மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காம்பஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தாள். அவள் எல்லோருக்கும் முன்பே பார்த்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. பாவம், அப்பாவை மறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பை தெரிந்தது. பைக்கு அடியில் காயிலக்கா. பட்டறையைப் பூட்டிப்போட்டுவிட்டு, மழையில், வார்னிஷ் கையோடு ஓடி வந்திருக்கிறாள். மூச்சிரைத்தது. உள்ளே நடந்த பேச்சு அவள் காதில் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்த ஆணியைப் பார்த்தாள், அதன் வயிற்றில் ஒட்டிய ஊசிகளைப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது. வாயைத் திறந்தாள்.

நான் ஜன்னல் கம்பிக்கு இடையில் கையை விட்டு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். "பேசாத" என்றேன் பல்லுக்குள். "நீ சொன்னா அவர் லைப்ரரிக்குத்தான் போவார்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே சார் தொண்டையைக் கனைத்தார். "காம்பஸ் எல்லாம் கொஞ்சம் பழசு..."

"ஏன் சார், எல்லா காம்பஸும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?"

கேலியாகக் கேட்கவில்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தூறல் சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் நான் சாமி கும்பிடாத நேரத்தில் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது பெஞ்சில் மகள் மெல்லக் கையை எடுத்தாள்.

"அப்பா" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "எங்களுதும் அப்படித்தான்ப்பா."

சார் அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கக்கத்திலிருந்த ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நேராக 'ஏன்' இருந்த பெஞ்சுக்குப் போனார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "குடு, நான் பாக்கறேன்."

பேட்டரி மாட்டியிருந்த ஆணியை, கரண்டு ஓடிக்கொண்டிருந்த கம்பியை, வெறும் விரலால் பிடித்தார். காயிலக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"சூடா இருக்கு" என்றார் சார். ஏதோ புதையலைக் கண்டுபிடித்தது போல. "லேசா சூடா இருக்கே!"

"ஆமா சார், எங்களுதும் சுட்டுச்சு. நீங்கதான் அதச் சொல்லவே இல்ல."

"எனக்கே இப்பத்தாம்மா தெரியும்."

காம்பஸை முனையிலிருந்து தலைவரை மெதுவாக நகர்த்தினார். முனையில் சிவப்பு முள் ஓடியது. நடுவுக்கு வந்ததும் சடாரென்று திரும்பி, ஆணியை முட்டிக்கொண்டு நின்றது. தலைக்கு வந்ததும் மறுபடி ஓடியது.

"நடுவுல இழுக்குது சார்! ஏன் சார்?"

"நடுவுல என்ன இருக்கு?"

"டேப்பு."

"பிரிங்க. எல்லாரும் பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார்கள். கம்பி ஒரு பக்கமாக வந்து, மடங்கி, எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் போவதைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்த்தார்கள். சார் தன் பாதியில் ஒரு சுற்றைப் பிரித்தார். மறுபடி சுற்றினார். அவருடைய இடக்கை நெஞ்சை நோக்கி வந்தது. அப்படியே நிறுத்தினார். வெறுங்கையைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். ஜன்னலில், பிளாஸ்டிக் பைக்கு அடியில், காயிலக்கா தன் வலக்கையைக் காற்றில் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. அவர்தான் முதலில் சுற்றினார், அதற்கு நான் சாட்சி.

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளைங்களா, தப்பு என்னுது. இந்தப் பாதிய எங்க வீட்டம்மா சுத்தினாங்க. இந்தப் பாதிய நான் சுத்தினேன். அவங்க வலக்கை, வெளிய தள்ளிச் சுத்துவாங்க. நான் இடக்கை, உள்ள இழுத்துச் சுத்துவேன்."

'ஏன்' கொஞ்ச நேரம் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது ஒரு காந்தம் இல்ல சார். ரெண்டு காந்தம். தெக்கும் தெக்கும் நடுவுல இடிச்சுக்கிட்டு, ரெண்டு வடக்கும் ஓரமா நிக்குது."

சார் அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் சண்டையா சார்?" என்றது ஒரு வாண்டு.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று ஜன்னலிலிருந்து காயிலக்கா கத்தினாள். வகுப்பே குலுங்கியது. தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது வகுப்பாக இல்லை, சந்தையாக இருந்தது. சார் சுற்றிய பாதியை எல்லோரும் பிரித்தார்கள். கம்பி சிக்கியது, அறுந்தது, தரையில் உருண்டது. வலக்கைப் பிள்ளைகள் ஒரு மாதிரி, இடக்கைப் பிள்ளைகள் ஒரு மாதிரி, எந்தப் பக்கம் சுற்றுவது என்று ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டார்கள். சார் பெஞ்சுக்குப் பெஞ்சு போய் உட்கார்ந்து, தானும் பிரித்து, தானும் சுற்றினார். சட்டையில் என் குண்டூசி ஒன்று குத்தியிருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. முடித்துக் காம்பஸ் வைத்தார்கள். முனையில் ஓடியது. தலையில் வந்தது.

"வந்துச்சு! தெக்கு வந்துச்சு!"

ஊசியும் முன்னைவிட நீளமாக, வால் வாலாகத் தொங்கியது. ஒரு டப்பா ஊசி போதவில்லை என்று என்னிடமே வந்து கேட்டார்கள். மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

'ஏன்' மட்டும் தன் ஆணியைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். "ஏன் சார் இதப் பிரிக்கணும்? புஸ்தகத்துல இல்லாத காந்தம். நானே வச்சுக்கவா?"

"வச்சுக்கம்மா" என்றார் சார்.

பிள்ளைகள் போனதும் தலைமையாசிரியை எழுந்து மேஜைக்கு வந்தார். காயிலக்கா வாசலில் சொட்டச் சொட்ட நின்றாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தரையில் ஊசி பொறுக்குகிற மாதிரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"உண்மையச் சொல்லுங்க சார். இந்தத் தப்ப நீங்க வேணும்னே வச்சதா? பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்னு?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய ஆளாகிவிடலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாக.

"இல்ல மேடம்" என்றார் சார். "தெரியாமத்தான் நடந்தது. பயத்துல முதல்ல காம்பஸ் மேல பழியப் போட்டேன். அதையும் நீங்க பாத்தீங்க."

அந்த அம்மாள் மேஜைமேல் இருந்த ஸ்கேலை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"அடுத்த வருஷம் எட்டாவதுக்கும் நீங்களே சயின்ஸ் எடுத்துக்கங்க" என்றார். "அங்கயும் இதே மாதிரி ஏதாவது தெரியாமப் பண்ணுங்க."

வீடு வரும்வரை நான்கு பேரும் நனைந்தோம். ஒருவரும் குடை பிடிக்கவில்லை, பிடிக்கத் தோன்றவில்லை. வழியில் பேக்கரியில் சார் சூடாக பன் வாங்கிக் கொடுத்தார், எனக்கு இரண்டு.

பட்டறையில் மில் மோட்டார் காத்திருந்தது. மில்காரர் வண்டியோடு வரும் நேரம். காயிலக்கா கடைசி ஒயரை முடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். ஓட்டிப் பார்க்கும்போது சுவிட்சைப் போடுவது எப்போதும் மகளின் வேலை. சார் அப்போது தெருவுக்கு வந்து நின்றுகொள்வார். மகள் சுவிட்சுக்குப் போனாள்.

"இரு" என்றார் சார்.

சுவிட்சுப் பலகையிடம் போனார். ஸ்கேல் தொங்கும் ஆணி காலியாக இருந்தது. ஸ்கேல் பள்ளிக்கூட மேஜையிலேயே கிடந்தது, எடுத்துவர மறந்துவிட்டோம். அவர் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடாமல், முகத்தைத் திருப்பாமல், ஆள்காட்டி விரலால் அழுத்தினார்.

மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. பட்டறை அதிர்ந்தது. மகள் கைதட்டினாள். காயிலக்கா மோட்டாரைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் போய்க் குனிந்தார். அதன் உடம்பில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். "ஏம்மா" என்றார். "அம்பு இந்தப் பக்கம் காட்டுது. இது அந்தப் பக்கமில்ல சுத்துது?"

காயிலக்கா ஓடிவந்து பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவசரத்துல ரெண்டு ஒயர மாத்திக் குடுத்துட்டேங்க."

"நெஞ்சுப் பக்கமா சுத்தியிருப்ப" என்றேன் நான்.

சிரித்துச் சிரித்து அவளுக்கு ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. ஒயரை மாற்றிப் போட்டதும் அவரே மறுபடி சுவிட்சைப் போட்டார். அம்பும் மோட்டாரும் ஒத்துப்போயின.

அந்த ஸ்கேலை 'ஏன்' திங்கட்கிழமை எடுத்து வந்தாள். சார் அதை வாங்கவில்லை, "எதிர்கடை அக்காகிட்ட குடு, துணியில கோடு போட ஆகும்" என்று அனுப்பிவிட்டார். நல்ல மரம். இன்றும் என் கடையில் இருக்கிறது. வாங்கிய கையோடு அவள் யூனிஃபார்முக்குப் பித்தானும் தைத்துவிட்டேன். கூலியாக, பித்தானுக்கு ஏன் நான்கு ஓட்டை என்று கேட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி. மில்காரர் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனபின் இருட்டத் தொடங்கியது. நான் கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் பட்டறை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. பிறகு அடுக்களை விளக்கு. அப்புறம் மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு. ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, ஒருவர் வீடு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தார். காயிலக்கா இப்போது சத்தம் போடுவாள், பல்பு போய்விடும் என்று கத்துவாள் என்று ஊசியில் நூல் கோக்காமல் காத்திருந்தேன். அவள் கத்தவே இல்லை.